பின்பக்கத்தைப் படித்தவள்

12-03-2022, சனிக்கிழமை. காலை 5.10க்கு விழிப்பு. 5.25க்குக் குழாயில் தண்ணீர். நான்கு குடம், ஒரு பக்கெட். 5.50க்குத் தேநீர். 6.15க்குக் கோலம் (ஐந்து புள்ளிதான், விடுமுறை நாளில் ஏழு போட்டிருக்கலாம், போடவில்லை). 6.40க்கு இட்லி. இரண்டாம் சனி என்பதால் பள்ளிக்கூட அலுவலகம் கிடையாது. 7.30க்கு என் கணவர் மின்வாரிய வேலையாகக் களம்பூர் போனார்.

அன்றைய டைரிப் பக்கத்தில் இதுவரைக்கும் என் கையெழுத்து நேராக இருக்கிறது. இதற்குக் கீழே சரிந்துகொண்டே போகிறது. பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, நல்ல ராணிக் கலரில், இன்றுவரை மங்காமல் இருக்கிறது.

என் முட்டாள்தனங்களில் பெரும்பாலானவற்றை நான் யோசிக்காமல் செய்திருக்கிறேன். அவற்றை மன்னித்துவிடலாம். இது ஒன்றை மட்டும் மூன்று வாரம் யோசித்து, நோட்டில் கட்டம் போட்டு, மதிப்பெண் வழங்கிச் செய்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் எழுத்தர். எனக்குத் தெரிந்து என்னிடம் யாராவது பாராட்டிய ஒரே சங்கதி என் தலைமுடி. இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளம். முன்னால் நரைக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் பின்னால் இருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. (முன்னால் இருந்து பார்த்துப் பாராட்டியவர்கள் யாரும் இல்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.)

என் அண்ணன் குமரேசனுக்கு வீட்டிலேயே இரண்டு கைத்தறி. அதுவரை ஒரு வியாபாரி நூல் கொடுப்பார், அண்ணன் நெய்து கொடுப்பார். 2022 பிப்ரவரியில் முதல்முறையாகச் சென்னையில் ஒரு புடவைக் கடைக்கார அம்மாளின் தொடர்பு நேரடியாகக் கிடைத்தது. மாம்பழ மஞ்சளில் ராணிக் கலர் பார்டர் போட்ட சேலை ஒன்றை அண்ணன் படம் எடுத்து அனுப்பினார். அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. பன்னிரண்டு சேலைக்கு ஆர்டர் தரலாம் என்றார். கூடவே ஒரு செய்தி வந்தது: "பின்பக்கம் போட்டோ கண்டிப்பா வேணும். கிட்டத்துல எடுங்க. அதப் பாத்துதான் முடிவு சொல்வேன்."

செய்தியைப் படித்த உற்சாகத்தில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். பழைய வியாபாரியிடம் போய், அடுத்த பாவு நூல் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆக, அந்தப் படம் சரியாக வராவிட்டால் இரண்டு தறியும் சும்மா நிற்கும். இது எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

பிறகு என் வீட்டுக்கு வந்தார். செல்பேசியில் சில படங்களைக் காட்டினார். யாரோ ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், நீளப் பின்னல், மல்லிகைப் பூ, பட்டுச் சேலை.

"செல்வி, பின்பக்கம்னா இதுதான். இப்பல்லாம் இப்டிதான் எடுக்கறாங்க. உன் சடை இதவிட நீளம். நீ நில்லு."

"நானா? எனக்கெதுக்குண்ணா போட்டோல்லாம்?" என்று கன்னம் சிவக்கக் கேட்டேன்.

"முகம் வேணாம்மா. முதுகு போதும்."

அப்போதே நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அந்த அம்மாள் கெடு வைத்த மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் படம் என்று டைரியில் குறித்துக்கொண்டேன். கையில் இருபத்திரண்டு நாள். அதற்குள் இந்த முடியைப் பட்டுபோல் ஆக்கிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

'பட்டுபோல்' என்று நான் நினைத்தது உவமையாகத்தான். அது அப்படியே நின்றிருக்கலாம்.

இந்தக் கடைகளில் விற்கும் ஷாம்பு, சீரம், கிரீம் இத்யாதிகளின் உட்பொருள் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும், எது குறைவோ அது கடைசியில் வரும் என்பதை என் மகள் விடுதியிலிருந்து தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அவள் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு அது ஞானோதயமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே மந்திரம்: முன்பக்கத்தை நம்பாதே, பின்பக்கத்தைப் படி.

படித்தேன். எழுத்து எறும்பு அளவில்கூட இல்லை, எறும்பின் கால் அளவில் இருந்தது. அண்ணன் வீட்டிலிருந்து இழை எண்ணும் கண்ணாடியைக் கொண்டு வந்தேன். நெசவில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்ப்பதற்கான மடக்குக் கண்ணாடி அது. அதைப் பாட்டில் மேல் வைத்துக் கடையிலேயே நின்று படித்தேன், கையில் நோட்டோடு. கடைக்கார பாய் முதல் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கேட்டார். "இன்னாக்கா, பரீட்சைக்குப் படிச்சிகினு கீறீங்களா?"

"பாய், பாதாம் எங்க?"

"மேல் ரேக்ல. கால் கிலோ பாக்கெட்டா, அரை கிலோவா?"

"இந்த ஷாம்புல பாதாம் எங்கன்னு கேக்கறேன்."

அவர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதோ, மூடிக்குக் கீழ படம் போட்டுகீறான் பாருங்க."

படத்தில் மட்டும்தான் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. பட்டியலில் பதினேழாவது இடத்தில் இருந்தது. முதல் இடம் தண்ணீருக்கு. அதைத் தண்ணீர் என்று எழுத அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். 'அக்வா' என்று எழுதியிருந்தார்கள். குங்குமப்பூ முகக் கிரீமில் குங்குமப்பூ இருபத்திரண்டாவது இடம், அதற்குப் பின்னால் வாசனையும் நிறமும் மட்டும் நின்றுகொண்டிருந்தன. 'இரசாயனமே இல்லாதது' என்று நெற்றியில் எழுதிக்கொண்ட ஒரு சோப்பின் பின்பக்கத்தில் இருந்த பெயர்களை உச்சரிக்க எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியையே ஸ்டாஃப் ரூமில் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

பதினான்கு பொருட்களை ஒப்பிட்டேன். கட்டங்கள்: முன்பக்கத்தில் பீற்றிக்கொள்வது எது, பின்பக்கத்தில் அதற்கு எத்தனையாவது இடம், முதல் மூன்று பொருட்கள், நூற்றுக்கு மதிப்பெண். அதிகபட்சம் வாங்கியது ஒரு தேங்காய் எண்ணெய், அறுபத்தொன்று. (அதில் தேங்காய் எண்ணெய் இருந்தது என்பதற்காக.) மற்ற எல்லாம் தோல்வி. அலுவலகத்தில், கல்யாண வீட்டில், பேருந்தில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் இந்த நோட்டைக் காட்டினேன். சேத்துப்பட்டிலிருந்து வரும் ஓர் ஆசிரியை என்னைக் கண்டால் வேறு வழியில் போகத் தொடங்கினார். விஷயம் தெரியாதவர்கள் என்று நான் பரிதாபப்பட்டேன்.

பதினான்காவது பொருள்தான் என்னைக் கவிழ்த்தது. அது ஒரு 'சில்க் சீரம்'. ஒரு கட்டைவிரல் உயரப் பாட்டில். முன்பக்கத்தில் பொன் எழுத்தில் 'உண்மையான பட்டுப் புரதம்'. பின்பக்கத்தில் பட்டு எத்தனையாவது இடம்? இருபத்தொன்றில் பத்தொன்பது!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டு பத்தொன்பதாவது இடத்தில் இருக்கும் சேலையை ஆரணியில் ஒருவன் விற்கட்டும் பார்க்கலாம். அடுத்த நிமிடம் சிரிப்பு நின்று யோசனை வந்தது. இந்த ஊர்க்காரியான எனக்கா பட்டுப் புரதத்தைப் பாட்டிலில் விற்கிறாய்? கச்சாப் பட்டு நூலின் மேல் இயற்கையாக ஒரு பசை உண்டு. சாயம் போடுமுன் நூலை வேக வைத்து அந்தப் பசையை எடுப்பார்கள். அந்தப் பசையும் பட்டுப் புரதம்தான். வெந்த பிறகு அது எங்கே போகிறது? தண்ணீரில். தண்ணீர் எங்கே போகிறது? சாக்கடையில்! ஊரே பொன் எழுத்துப் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை, நான் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே 12-03-2022 அன்று காலை 8.05க்கு ஏகாம்பரத்தின் சாயப் பட்டறைக்குப் போனேன். அண்ணனுக்கு வழக்கமாக நூல் சாயம் போட்டுத் தருபவர் அவர்தான். தொட்டியில் நூல் வெந்து இறக்கியாகிவிட்டது. தண்ணீர் பழுப்பாக, நுரையோடு நின்றது.

"இந்தத் தண்ணி ஒரு கேன் வேணும்" என்றேன்.

"இதுவா? எதுக்குமா?"

தலைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "செடிக்கு."

"ஐயே, செடி கருகிடும்மா."

"இதுல என்னென்ன இருக்கு?" நோட்டைத் திறந்தேன்.

அவர் என்னையும் நோட்டையும் பார்த்தார். "பட்டோட பசை. கிலோவுக்குக் கால் கிலோ இதுலதான் போய்டுது. அப்புறம் சோப்பு. சோடா உப்பு."

"வேற?"

"வேற இன்னா? அவ்ளோதான்."

மூன்றே மூன்று பொருட்கள். வாசனை இல்லை, நிறம் இல்லை, உச்சரிக்க முடியாத பெயர் இல்லை. தயாரிப்பாளரே நேருக்கு நேர் நின்று மறைக்காமல் சொல்கிறார். நோட்டில் பதினைந்தாவது வரிசையில் எழுதி, அங்கேயே நின்று மதிப்பெண் போட்டேன்: நூறு.

அதில் சோப்பும் சோடா உப்பும் சேர்ந்து அந்தத் தொட்டியில் என்ன வேலை செய்கின்றன என்று ஒரு கட்டம் நான் போட்டிருக்கவில்லை. இழையின் மேல் இருப்பதை உரித்து எடுப்பதுதான் அவற்றின் வேலை. கால் கிலோவை உரித்த தண்ணீர் என் தலையில் மட்டும் எதையாவது பூசிவிட்டுப் போகும் என்று நான் நம்பியிருக்கிறேன்.

"கழுவின கேன் அந்தாண்ட கீது, எட்துக்கோங்க" என்று ஏகாம்பரம் ஈர நூலை உதறிக்கொண்டே சொன்னார். அந்தாண்டை இருந்த கேன்களுக்கு மூடி சரியில்லை. இந்தாண்டை ஒரு நீலக் கேன், மூடி கச்சிதம். எனக்கு மூடி கச்சிதமாக இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டேன்.

9.20: தண்ணீரை வெதுவெதுப்பாகச் சூடாக்கினேன். 9.35: தலையில் ஊற்றித் துண்டால் கட்டினேன். அவித்த புழுவின் நாற்றம். வாசனைத் திரவியம் சேர்க்காத நேர்மையான பொருள் என்று மூக்கைச் சமாதானப்படுத்தினேன். தொட்டால் வழுவழுவென்று இருந்தது. பட்டு, பட்டு என்று உள்ளம் துள்ளியது. (சோடா உப்புத் தண்ணீரில் கையை விட்டாலும் வழுவழுவென்றுதான் இருக்கும். துவைக்கிற கல்லில் தினமும் பார்ப்பதுதான்.) நெற்றி எரிந்தது. வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

10.15: கடைசி அலசல். என் ஆராய்ச்சிப்படி பதினான்கில் பதினொரு பொருட்களில் எலுமிச்சையின் அமிலம் இருந்தது. எனவே நான்கு எலுமிச்சம்பழம் பிழிந்து வெந்நீரில் கலந்தேன். எதில் கலந்தேன்? அதே நீலக் கேனில். அடியிலும் மூலையிலும் ஏதோ, முதல் தண்ணீரில் கரையாமல், கெட்டியாக ஒட்டியிருந்தது. பசை, அதாவது புரதம். அதை வீணாக்கலாமா? நன்றாகக் குலுக்கி, சொட்டு மிச்சமில்லாமல் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்ததும் பார்த்தேன். குளியலறைத் தரை முழுக்க ராணிக் கலர்.

முதலில் ரத்தம் என்று நினைத்தேன். ரத்தம் இவ்வளவு அழகாக இருக்காது என்று பிறகு தோன்றியது. கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பு முடியில் நிறம் தெரியவில்லை. நரை மட்டும், ஒன்றுவிடாமல், வகிட்டில் இருந்து இரு காதுகள் வரை, கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி ராணிக் கலரில் எரிந்தது. அதுவரை எனக்கு எவ்வளவு நரை என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

சோப்பு போட்டேன். போகவில்லை. சீயக்காய் போட்டேன். போகவில்லை. காய வைத்துச் சீப்பை விட்டேன். சீப்பு பாதி வழியில் நின்றது. இழுத்தேன். முடி வரவில்லை, சீப்பின் மூன்று பற்கள் வந்தன. இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தேங்காய் நார்.

11.50க்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு. வழியில் மூன்று பேர் ஜுரமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

மல்லிகா அண்ணி துண்டை அவிழ்த்தார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார். தறியில் இருந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்குப் போட்டோ" என்றார்.

"தெரியும்ணா."

"அந்த வியாபாரி கிட்ட வேற வேணாம்னு சொல்ட்டு வந்துகீறன்."

அதுவும் தெரியும். அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அழுதிருப்பேன், சமமாகப் போயிருக்கும். அவர் பாட்டுக்குத் தறியின் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த பலகை.

அண்ணி செய்தி அனுப்பி ஏகாம்பரம் வந்தார். என் தலைமுடியை நூல் கண்டு மாதிரி கையில் எடுத்தார். விரலால் உருட்டினார். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து முடியை வைத்து அழுத்தித் தேய்த்தார். துணியில் ஒரு துளி சாயம் இறங்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிறைவு வந்ததை நான் பார்த்தேன்.

"நல்லா புடிச்சிகீது" என்றார்.

"இன்னா புடிச்சிகீது? ஆளே பேஜாராகி நிக்குது" என்றார் அண்ணி.

"இல்லமா, கேளுங்க. முதல்ல சோடா சோப்புல வெச்சி, பசை எட்துட்டாங்க. அப்புறம் சூடா சாயம். சாயம் நிக்கறதுக்கு நாங்க ஆசிட் ஊத்துவோம், இவங்க எலுமிச்சம்பழம் ஊத்திகீறாங்க. அது உங்க பார்டர் நூலுக்குச் சாயம் கரைச்ச கேனு. எங்க பட்டறைல என்னா செய்வமோ அத அப்டியே செஞ்சிகீறாங்க. என் ஆளுங்களே சில நாள் இவ்ளோ சுத்தமா செய்யறதில்ல."

"எப்பப்பா போகும்?" என்றேன்.

ஏகாம்பரம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தறியைப் பார்த்தபடி, வேண்டாவெறுப்பாக, வாடிக்கையாளர்களிடம் இருபது வருடமாகச் சொல்லிவரும் வாக்கியத்தைச் சொன்னார்: "நம்ம கலரு போவாது."

மாலை 4.10க்கு அண்ணன் சென்னைக்குப் பேசினார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னது அண்ணி.

"மேடம், வணக்கங்க. பின்பக்கம் போட்டோ நாளைக்கு வேணும்னீங்க. ஒரு மாசம் டைம் குடுப்பீங்களா? என் தங்கச்சிக்குத் தலைமுடில ஒரு பிரச்சினை."

"யாருக்கு?"

"தங்கச்சிக்குங்க. அதான் சடை போட்டு நிக்க வேண்டியது."

"எதுக்குங்க சடை? நான் கேட்டது புடவையோட பின்பக்கம். உள்பக்கம். வெட்டின இழை தொங்குதா, சுத்தமா இருக்கா, கைத்தறியா மிஷினான்னு அதத் திருப்பிப் பாத்தாத்தானே தெரியும்? நீங்க நெய்யறவர்தானே?"

நான் அண்ணனைப் பார்த்தேன். சேலையைக் கையில் வாங்கினால் முதல் வேலையாகப் புரட்டிப் பார்க்கிற ஊர் இது. அண்ணன் அதே சேலையைத் தறியில் உட்கார்ந்து இருபது நாள் நெய்திருக்கிறார். செல்பேசியில் நாலு முதுகைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"அனுப்பறங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அண்ணி என்னை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்தார். "நீ பாட்டிலுக்குப் பின்பக்கம் பாத்த. இவுரு உனக்குப் பின்பக்கம் பாத்தாரு. பொடவைக்குப் பின்பக்கம் பாக்க இந்த ஊட்ல ஒரு ஆளில்ல."

ராணிக் கலர் ஏழு வாரம் இருந்தது. தலைமை ஆசிரியை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காலைப் பிரார்த்தனையில் என்னை மாணவிகளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். என் கணவர் செவ்வாய்க்கிழமைதான் கவனித்தார். "இன்னா, வகிட்ல குங்குமம் அதிகமா வெச்சிகீற?" என்றார். ஆமாம் என்றேன். நார் ஆன முடியைத் தோள் வரை வெட்ட வேண்டியதாயிற்று. அது இன்னும் பழைய நீளத்துக்கு வரவில்லை. நோட்டில் பதினைந்தாவது வரிசையின் மதிப்பெண்ணை நான் அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும், பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறைக்க வேண்டும்.

இன்றைக்கும் அண்ணன் வீட்டுக்கு யாராவது சேலை எடுக்க வந்து சாயம் போகுமா என்று கேட்டால், அண்ணன் பதில் சொல்வதில்லை. "மல்லிகா, செல்வியக் கூப்டு" என்கிறார். உள்ளே அண்ணி சிரிக்கிறார். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. புரிய வைக்கும் வேலையை ஏகாம்பரம் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவர் பட்டறையில் அந்தச் சாயத்துக்கு இப்போது ராணிக் கலர் என்று பெயர் இல்லை. செல்விக் கலர்.

13-03-2022, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு விழிப்பு. முதல் வேலையாக, தண்ணீர்கூடப் பிடிக்காமல், தலையில் துண்டோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வெயில் வந்ததும் சேலையைத் திருப்பிப் போட்டேன். இழை எண்ணும் கண்ணாடியைச் செல்பேசியின் கேமரா மேல் வைத்து அண்ணன் பார்த்தார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. இழை ஒன்றுகூடத் தொங்கவில்லை. மஞ்சளுக்கு நடுவே ஒன்றே ஒன்று மட்டும், ராணிக் கலரில், குறுக்கே கிடந்தது. அண்ணன் முகம் மாறிவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தேன். என் தலைமுடி. எடுத்து ஊதிவிட்டு, படம் எடுத்தோம்.